50, 40, 30: பிரதான வீதியின் வேக எல்லை குறித்து எமது ஊர் எதைக் கேட்க வேண்டும்?

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாகக் கிடக்கும் எழுவான்கரையில் குடியிருப்பவர்களுக்குப் பிரதான வீதி ஊரின் ஓரத்தால் போகும் ஒன்றன்று. வாசலுக்கும் கிணற்றடிக்கும் இடையால் போவது போலத்தான் அது போகிறது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று நாட்டைச் சுற்றிவரும் ஏ-4 நெடுஞ்சாலை, அக்கரைப்பற்று, கல்முனை வழியாக வடக்கே ஏறி மட்டக்களப்பில் வந்து முடிகிறது. கல்முனையிலிருந்து கல்லடிப் பாலம் வரை பெரியகல்லாறு, களுவாஞ்சிக்குடி, களுதாவளை, செட்டிபாளையம், குருக்கள்மடம், ஆரையம்பதி, காத்தான்குடி என்று ஓர் ஊர் முடியுமுன் அடுத்த ஊர் தொடங்கிவிடுகிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தில் இத்தனை ஊர்களும் நெருங்கிக் கிடப்பதால், வீடு ஒரு பக்கமும் பாடசாலை மறுபக்கமும், தோணி ஒரு பக்கமும் சந்தை மறுபக்கமுமாக, நாளுக்கு நான்கைந்து முறை வீதியைக் கடக்காமல் இங்கே எவரும் வாழ முடியாது.

இந்த வீதியில் எங்கள் ஊரை ஊடறுக்கும் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளத்துக்கு வேக எல்லையைக் குறைக்கலாமா என்று ஊரிலுள்ள சங்கங்களிடமும் கோயில், பள்ளிவாசல் நிருவாகங்களிடமும் எழுத்து மூலம் கருத்துக் கேட்கப்பட்டிருக்கிறது. ஊரின் பெயரை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் அடுத்த ஊரார் இது தமக்குரியதன்று என்று விட்டுவிடுவார்கள். இதே கேள்வி நாளை அவர்களுடைய வாசலுக்கும் வரக்கூடியது. எம்முன் இருக்கும் வழிகள் நான்கு. இப்போதுள்ள மணிக்கு 50 கிலோமீற்றர் எல்லையை அப்படியே விட்டுப் பொலிஸ் கண்காணிப்பை இறுக்குவது ஒன்று. 3 கிலோமீற்றரையும் 40 ஆக்குவது மற்றொன்று. பாடசாலை, சந்தை, கோயில் மூன்றும் நெருங்கிக் கிடக்கும் 600 மீற்றருக்கு மட்டும் 30 என்று குறித்து, மிச்சத்தை 50 ஆகவே விடுவது மூன்றாவது. எண்ணைத் தொடாமல் வீதியில் வேகத்தடைகளை இடுவது நான்காவது. முதற்கூட்டத்தில் நான் 40 க்குக் கை உயர்த்தியவன். அந்தக் கையை ஏன் இறக்கிக்கொண்டேன் என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒப்பிடுமுன் இன்றைய நிலையைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்ட ஏற்பாடுகளின்படி, கட்டிடங்கள் நெருங்கிய பகுதிகளில் கார், பஸ், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்கு மணிக்கு 50 கிலோமீற்றரும், அதற்கு வெளியே 70 கிலோமீற்றரும் உச்ச எல்லைகளாகும். ஊருக்குள் முச்சக்கர வண்டிக்கு 40 தான். ஆகவே 'புதிதாக வேகத்தைக் கட்டுப்படுத்தப் போகிறார்கள்' என்று சந்தியில் பேசப்படுவது சரியன்று. கட்டுப்பாடு ஏற்கெனவே இருக்கிறது. இல்லாமற் போனது அதன் எல்லைக்கோடுதான். நகரம் எங்கே முடிகிறது, வெளி எங்கே தொடங்குகிறது என்று கல்முனைக்கும் கல்லடிக்கும் இடையில் ஒரு சாரதியிடம் கேட்டால் அவர் சிரிப்பார். வீடு இல்லாத இடமே அரிதான இந்தக் கரையில், இரண்டு மதில்களுக்கு இடையில் சற்று வெளி தெரிந்தால் அதை 70 க்குரிய இடமாக எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. காபட் இட்ட பிறகு வீதி அதற்கு இடமும் கொடுக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஏ, பீ வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. அதற்கடுத்த வகை வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திடமும், ஊரின் உள்வீதிகளும் ஒழுங்கைகளும் பிரதேச சபையிடமும் இருக்கின்றன. எங்கள் சபை ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினாலும் ஏ-4 இல் தானாக ஒரு பலகையை நட்டுவிட முடியாது. யாரிடம் எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் எழுதப்படும் கடிதம் மூன்று அலுவலகங்களைச் சுற்றிவிட்டு நான்காவதில் தூங்கும். அந்த அனுபவம் எங்களுக்குப் புதிதன்று.

இனி முதல் வழிக்கு வருகிறேன். 50 ஐ விட்டுவிட்டுக் கண்காணிப்பை இறுக்குவதில் ஒரு நேர்மை உண்டு: இருக்கிற சட்டத்தையே மதிக்காதவர்கள் புதிய சட்டத்தை மதிப்பார்களா என்று அதன் ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆயினும் வேகமானியோடு மர நிழலில் நிற்கும் பொலிஸ் உத்தியோகத்தர் அங்கே நிற்கும் ஒரு மணித்தியாலத்துக்கு மட்டுமே அந்த வழி வேலை செய்கிறது. எதிரே வரும் வாகனங்கள் லைட் அடித்துச் செய்தி சொல்லிவிடுவதால், அந்த ஒரு மணித்தியாலத்திலும் பிடிபடுபவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர்தான். அதிகாலையில் மீன் ஏற்றிக்கொண்டு விரையும் கூலர் வண்டியும், இரவில் கொழும்புக்குப் புறப்படும் பஸ்ஸும் ஓடும் நேரங்களில் அங்கே யாரும் நிற்பதில்லை. கண்காணிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எந்த வழியோடும் சேர வேண்டிய ஒன்று. தனியே நின்று பாரம் சுமக்கக் கூடியதன்று.

40 தான் கூட்டத்தில் பெரும்பாலானோரின் விருப்பமாக இருந்தது, அதற்குக் காரணமும் உண்டு. 50 க்கும் 30 க்கும் நடுவில் நிற்கும் எண் என்பதால் யாருக்கும் கோபம் வராது. ஓட்டோக்காரர்களுக்கு அது ஏற்கெனவே உள்ள எல்லை. பலகையும் ஊரின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று இரண்டோடு முடிந்துவிடும். நடுவில் நிற்பது எப்போதும் நியாயமாகத் தோன்றும். வீட்டுக்கு வந்து, சாதாரண தரம் படிக்கும் என் பேத்தியிடம் விஞ்ஞானப் புத்தகத்தை வாங்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அந்த நியாயம் எவ்வளவு மெல்லியது என்று விளங்கியது.

கணக்கு இதுதான். ஒரு பிள்ளை 20 மீற்றருக்கு முன்னால் வீதியில் இறங்குகிறது என்று கொள்வோம். சாரதி கண்டு, விளங்கி, பிரேக்கில் காலை வைக்க ஒரு செக்கன் எடுக்கிறார். மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் வாகனம் அந்த ஒரு செக்கனுக்குள் ஏறத்தாழ 14 மீற்றரைக் கடந்துவிடும். மிஞ்சுவது 6 மீற்றர். உலர்ந்த காபட் வீதியில், நல்ல டயரோடு, ஒவ்வொரு செக்கனிலும் செக்கனுக்கு 7 மீற்றர் வீதம் வேகம் குறைகிறது என்று அமர்முடுகலை எடுத்துக்கொண்டால், வாகனம் அந்தப் பிள்ளையை மோதும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 37 கிலோமீற்றர். 40 இல் வந்த வாகனம் அதே இடத்தில் 20 மீற்றரைத் தொடும் தறுவாயில் மயிரிழையில் நிற்கும். 30 இல் வந்த வாகனமோ 13 மீற்றர் சொச்சத்தில் நின்றுவிடும். அதாவது 50 இல் வந்தவர் பிரேக்கை மிதிக்கத் தொடங்கும் இடத்தை அடையுமுன்பே 30 இல் வந்தவர் முழுதாக நின்றிருப்பார்.

இதுவரை 40 தாக்குப்பிடிக்கிறது. ஆனால் இது உலர்ந்த வீதிக்கும் புதிய டயருக்கும் போட்ட கணக்கு. கார்த்திகை தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழை எங்கள் வீதியை எப்படி வைத்திருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எங்கள் மோட்டார் சைக்கிள்களின் டயர் எப்படி இருக்கும் என்பதும் அப்படியே. அமர்முடுகலை 7 இலிருந்து 4 ஆகக் குறைத்து அதே கணக்கை மறுபடி போட்டேன். 40 இல் வருபவருக்கு நிற்க 26 மீற்றருக்கு மேல் வேண்டும். 20 மீற்றரில் நிற்கும் பிள்ளையை அவர் ஏறத்தாழ 26 கிலோமீற்றர் வேகத்தில் மோதுவார். 30 இல் வருபவர் அந்த மழையிலும் 17 மீற்றரில் நின்றுவிடுகிறார். நடுவில் நிற்கிறது என்பதற்காக நான் கை உயர்த்திய எண், வெயிலில் மட்டுமே பிள்ளையைக் காப்பாற்றுகிறது. கடற்காற்று வீதியில் வாரிக்கொட்டும் மணலையும் சேர்த்தால் வெயிலிலும் உறுதியில்லை.

மோதலின் வலுவையும் பார்க்கலாம். இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பது பாடசாலையில் படித்ததுதான். 50 இல் உள்ள சக்தியை 100 என்று கொண்டால் 40 இல் 64, 30 இல் 36. சராசரி வேகம் நூற்றுக்கு ஒரு வீதம் கூடினால் உயிராபத்துள்ள விபத்தின் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 4 வீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதையொட்டியதே. 2020 பெப்ரவரியில் சுவீடனின் ஸ்டொக்ஹோமில் கூடிய வீதிப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம், நடப்பவர்களும் சைக்கிளில் செல்பவர்களும் வாகனங்களோடு கலந்து புழங்கும் இடங்களில் 30 ஐ உச்ச எல்லையாக வைக்கும்படி கேட்டுக்கொண்டது. கலந்து புழங்குதல் என்றால் என்ன என்று அறிய ஸ்டொக்ஹோமுக்குப் போக வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்கு எங்கள் சந்தியில் நின்றால் போதும்: வெள்ளைச் சீருடையில் இரண்டிரண்டாகச் சைக்கிளில் போகும் பிள்ளைகள், கன்டரில் மீன்பெட்டி, நெல் ஏற்றிய லான்ட்மாஸ்டர், தரிப்பிடத்தை விட்டுத் தள்ளி நிற்கும் பஸ், அதைச் சுற்றிக்கொண்டு முன்னேறும் ஓட்டோ, இவற்றுக்கு நடுவில் வீதியைக் கடக்க நேரம் பார்த்து நிற்கும் ஒரு பாட்டி.

அப்படியானால் 3 கிலோமீற்றரையும் 30 ஆக்கிவிடலாமே என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி அவர்; கேட்டது கேலியாக. அவருக்குப் பதில் சொல்ல நேரத்தைக் கணக்கிட வேண்டியிருந்தது. 3 கிலோமீற்றரை 50 இல் கடக்க 3 நிமிடம் 36 செக்கன். 40 இல் 4 நிமிடம் 30 செக்கன். 30 இல் 6 நிமிடம். ஓர் ஊருக்கு இது பெரிதன்று. ஆனால் இந்தக் கரையில் ஓர் ஊர் செய்ததை எல்லா ஊரும் செய்யும். ஆகவே கணக்கை மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரையான ஏறத்தாழ 40 கிலோமீற்றருக்கும் நீட்டித்தான் பார்க்க வேண்டும். முழு நீளமும் 50 இல் 48 நிமிடம். முழுவதையும் 40 ஆக்கினால் ஒரு மணித்தியாலம். 12 நிமிடம் கூடுகிறது. அதற்குப் பதிலாக 15 இடங்களில் 600 மீற்றர் நீளத்துக்கு மட்டும் 30 என்று வைத்தால், ஒவ்வோர் இடத்திலும் இழப்பது 29 செக்கன். மொத்தம் 7 நிமிடத்துக்குச் சற்று மேல். போதனா வைத்தியசாலைக்கு நோயாளியைக் கொண்டுபோகிறவருக்கும், பட்டிருப்பிலிருந்து தினமும் வேலைக்குப் போகிறவருக்கும், பரவலான 40 ஐவிட இடம் குறித்த 30 குறைந்த நேரத்தையே பிடிக்கிறது. பிள்ளை கடக்கும் இடத்திலோ கூடிய பாதுகாப்பைத் தருகிறது. இந்த இடத்தில்தான் என் கை கீழே இறங்கியது. நண்பர் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள், 'தனியார் பஸ்ஸும் இ.போ.ச. பஸ்ஸும் நேரத்துக்குப் போட்டி போடுவதை நிறுத்தினால் உன் கணக்கு ஒன்றுமே வேண்டாம்' என்றார். அதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் அது வேறொரு கடிதத்துக்குரியது.

மூன்றாவது வழியின் பலவீனத்தை மறைக்கக் கூடாது. பலகை மட்டும் வேகத்தைக் குறைத்துவிடாது. பிரித்தானியாவில் உள்ளூர் சபைகள் வேக எல்லையைக் குறைத்துப் பல ஆண்டு அனுபவம் பெற்றிருக்கின்றன. அங்கே மணிக்கு 30 மைலாக இருந்த குடியிருப்பு வீதிகளைப் பலகையால் மட்டும் 20 மைலாக்கிய இடங்களை ஆராய்ந்து, அந்நாட்டின் போக்குவரத்துத் திணைக்களத்துக்காக 2018 இல் வெளியான மதிப்பீடு, வேகம் மணிக்கு ஒரு மைலுக்கும் குறைவாகவே இறங்கியிருந்ததைக் கண்டது. பலகை மட்டும் போதுமான இடம், வாகனங்கள் ஏற்கெனவே கிட்டத்தட்ட அந்த வேகத்தில் போகும் இடம்தான். எங்கள் பிரதான வீதி அப்படியானதன்று. அகலமான, நேரான, மினுங்கும் காபட் வீதியில் 30 என்று எழுதி நட்ட பலகைக்கு, ஒரு மாதத்தில் தேர்தல் சுவரொட்டி ஒட்டப்படுவதைத் தவிர வேறு பயன் வராது.

வீதியே வேகத்தைச் சொல்ல வேண்டும். இதற்கு மட்டக்களப்பார் வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1924 இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தில், 2013 இல் அதன் அருகே புதிய பாலம் திறக்கப்படும் வரை, ஒரு பக்கத்து வாகனங்கள் வரும்வரை மறுபக்கத்து வாகனங்கள் காத்து நின்றன. அந்த ஒடுக்கத்தில் விரைந்து போக யாருக்கும் துணிவு வரவில்லை. அதற்குப் பலகையோ பொலிஸோ தேவைப்படவுமில்லை. நாம் பாலத்தைத் திரும்ப ஒடுக்கச் சொல்லவில்லை. ஆனால் 30 க்குரிய 600 மீற்றரின் இரு முனையிலும் வீதி ஒடுங்குவதுபோல் தோன்றச் செய்யலாம்: ஓரத்தில் சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் உயர்த்திய இடம் விட்டு ஓடுபாதையின் அகலத்தைக் குறைப்பது, நடுவில் ஒரு திட்டு வைத்துக் கடப்பவர் பாதி வழியில் நிற்க இடம் கொடுப்பது, மஞ்சள் கடவையைத் தட்டையாக உயர்த்திக் கட்டுவது. காத்தான்குடியில் பேரீச்ச மரங்கள் நிற்கும் நடுத்திட்டைப் பார்த்தவர்களுக்கு, வீதியின் நடுவில் ஓர் உயரம் இருந்தால் கடப்பவர் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும் என்பது விளங்கும்.

நான்காவது வழியான வேகத்தடை, இதன் மலிவான உறவினர். ஊருக்கு அது பிடித்த வழியும்கூட. ஒரு விபத்து நடந்த மறுநாள் இளைஞர்கள் கூடி ஒரு லோட் கிரவலைக் கொட்டி மேடாக்கிவிடுவதை எல்லா ஊரிலும் கண்டிருக்கிறோம். அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிறம் பூசாத, விளக்கில்லாத, அளவில்லாத மேடு இரவில் ஒரு மோட்டார் சைக்கிள்காரரைத் தூக்கி எறியும்போது, முதல் விபத்துக்காகக் கட்டியது இரண்டாவது விபத்துக்குக் காரணமாகிறது. நெடுந்தூர பஸ்ஸும், 1990 அம்புலன்ஸும், எலும்பு முறிந்தவரையும் பிள்ளைப்பேற்றுக்குரிய தாயையும் ஏற்றிய ஓட்டோவும் போகும் ஒரே வீதி இது. மாற்று வழி கிடையாது. கூர்மையான தடைகளை இங்கே வரிசையாக இடுவதை நான் எதிர்க்கிறேன். அதற்குப் பதிலாகக் கடவையையே சாய்வோடு தட்டையாக உயர்த்தினால், 30 இல் வருபவருக்கு அது ஒன்றுமில்லை, 60 இல் வருபவருக்கு மட்டும் அது தண்டனை. இதனால் மூன்றாவது வழியும் நான்காவது வழியும் என்னைப் பொறுத்தவரை ஒன்றாகிவிடுகின்றன: எண் 30, அதைச் சொல்லும் கல்லும் மண்ணும் 600 மீற்றருக்கு.

குறுக்கு வீதிகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. கொங்கிறீட் இட்ட ஒழுங்கைகளில் 30 க்கு மேல் போவதற்கு ஒரு காரணமும் இல்லை, அவை சபையின் கையில் உள்ளவை, செலவும் குறைவு. உண்மையில் தொடங்க வேண்டிய இடம் அதுதான், ஏனென்றால் அங்கே அனுமதிக்கு யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. ஒழுங்கை பிரதான வீதியில் ஏறும் வாயில், மதிலை வெட்டிப் பார்வை விடும்படி வீட்டுக்காரரிடம் கேட்பதுதான் அங்கே கடினமான வேலை.

30 க்கு நாள் முழுவதுமா, பாடசாலை நேரத்துக்கு மட்டுமா என்பதில் சங்கத்துக்குள் இன்னும் இணக்கம் இல்லை. காலை 7.30 க்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30 க்கு விடும் பாடசாலையை மட்டும் மனதில் வைத்தால் இரண்டு மணித்தியாலம் போதும். ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிறவர்களும், வைகாசியில் கண்ணகியம்மன் சடங்குக்கு நள்ளிரவில் வீதி நிறைய நடக்கிறவர்களும், ஆனி ஆடியில் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரையாக விடியற்காலையில் வீதியோரம் வரிசையாகப் போகிறவர்களும் மணி பார்த்துக் கடப்பவர்கள் அல்லர். இரவில் வெதுவெதுப்புக்காகக் காபட்டில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகளுக்கும் நேரசூசி கிடையாது. அவற்றில் மோதி விழுந்தவர்களின் பட்டியல் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறது. (மாடுகளைக் கட்டுவது வேக எல்லையின் வேலையன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாட்டுச் சொந்தக்காரர்கள் பலர் எங்கள் சங்கத்திலேயே இருப்பதால் அந்தத் தீர்மானம் மூன்று கூட்டமாகப் பிற்போடப்படுகிறது.) நேரத்துக்கு நேரம் மாறும் எல்லையைச் சொல்ல விளக்குப் பலகை வேண்டும், அது பழுதானால் திருத்த ஆள் வேண்டும். 600 மீற்றர் தான் என்பதால், நாள் முழுவதும் என்று வைப்பதே எளிது என்பது என் கருத்து.

எண்ணைத் தெரிவதைப் போலவே, யாரிடம் எப்படிக் கேட்பது என்பதும் தெரிவுதான். இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒரு சபை வேக எல்லையை மாற்றும் கட்டளையைப் பிறப்பிக்குமுன் முன்மொழிவையும் அதற்கான காரணத்தையும் வெளியிட்டு, ஆட்சேபனைக்கு 21 நாட்கள் விட வேண்டும். அந்த ஒழுங்கு இருந்தும் வேல்சில் என்ன நடந்தது என்பது கவனிக்கத்தக்கது. 2023 செப்டெம்பர் 17 ஆம் திகதி அந்நாட்டின் அரசு, குடியிருப்புப் பகுதி வீதிகளின் பொது எல்லையை 30 மைலிலிருந்து 20 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 48 கிலோமீற்றரிலிருந்து 32 க்கு, ஒரே நாளில் இறக்கியது. விபத்துக் காயங்கள் குறைந்ததை அரசின் புள்ளிவிபரங்கள் காட்டின. ஆயினும் அதை மீளப்பெறக் கோரிய மனுவில் 4 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். சில பிரதான வீதிகளைப் பழைய எல்லைக்குத் திருப்பச் சபைகளுக்கு வழிகாட்டல் வழங்க வேண்டிய நிலை அடுத்த ஆண்டே வந்தது. எண் பிழையென்பதால் அந்தக் கோபம் வரவில்லை என்றே நான் வாசிக்கிறேன். எந்த வீதி விலக்கு, எது உள்ளே என்று தம்மிடம் சரியாகக் கேட்கவில்லை என்ற எண்ணமே பலரை ஒப்பமிட வைத்திருக்க வேண்டும்.

எங்களிடம் கேட்கும் முறையோ இதற்கு நேர்மாறான கோளாறு உடையது. வாரநாள் ஒன்றில் காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் வைத்தால் வருபவர்கள் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஆண்கள். வீதியில் மிகக் கூடிய ஆபத்தை எதிர்கொள்பவர்கள் அந்த நேரத்தில் வகுப்பறையிலோ, சந்தையிலோ, அடுப்படியிலோ இருக்கிறார்கள். கருத்துக் கேட்கும் படிவத்தில் ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு கட்டங்கள் மட்டும் இருந்தால், அதில் நூறு கையொப்பம் விழுந்தாலும் பொறியியலாளருக்கு அதிலிருந்து எடுக்க ஒன்றுமில்லை. மாதர் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஒரு தடவை, பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் தாய்மாரிடம் ஒரு தடவை, வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஒரு தடவை, ஓட்டோத் தரிப்பிடத்தில் ஒரு தடவை என்று போய்க் கேட்டு, 'எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதற்காகக் கடக்கிறீர்கள். அங்கே என்ன பயம்' என்று எழுதிக்கொள்வதே பயனுள்ளது. அடுத்த ஊரையும் விட்டுவிடக் கூடாது. தமிழூரில் ஓர் எண்ணும், மதிலைத் தாண்டி முஸ்லிம் ஊரில் இன்னோர் எண்ணுமாகப் பலகை நடப்பட்டால், சாரதி இரண்டையும் மதிக்க மாட்டார். இரு ஊர் நிருவாகங்களும் ஒரே கடிதத்தில் ஒப்பமிட்டால் அதை ஒரு பக்கத்துக் கோரிக்கை என்று ஒதுக்கிவைக்கவும் முடியாது.

இத்தனைக்கும் பிறகு எங்கள் சங்கத்தின் கடிதத்துக்கு நான் எழுதிக்கொடுத்த வரைபு இப்படி இருக்கிறது. பிரதான வீதியில் பாடசாலை முதல் சந்தை வரையான 600 மீற்றருக்கு நாள் முழுவதும் 30. அதன் இரு முனையிலும், நடுவில் இரண்டு இடங்களிலும் உயர்த்திய கடவை. ஊரின் மிச்சப் பகுதிக்கு இப்போதுள்ள 50, ஆனால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும் பலகையோடு. இவற்றை வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்கிறோம். குறுக்கு வீதிகள் அனைத்துக்கும் 30 என்பதைப் பிரதேச சபையிடம் கேட்கிறோம். முதல் ஆறு மாதமும் மழைக்காலத்தில் ஒரு மாதமும் வேகத்தை அளந்து அறிவிக்கும்படி பொலிஸாரிடம் கேட்கிறோம். 40 ஐ விரும்பியவர்களின் காரணங்களையும் ஒரு பந்தியில் சேர்த்திருக்கிறேன். ஒப்பமிடுபவர்களில் அரைவாசிப் பேர் அவர்கள்தான்.

மிஞ்சியிருப்பது ஒன்று. தெற்குப் பக்கத்துப் பலகை மதகுக்கு இப்பாலா அப்பாலா என்பதில் பாடசாலை அதிபரும் ஓட்டோச் சங்கத் தலைவரும் உடன்படவில்லை. மதகுக்கு அப்பால் வைத்தால் 600 மீற்றர் 680 ஆகிறது. இப்பால் வைத்தால் முன்பள்ளியின் வாசல் வெளியே போய்விடுகிறது. வருகிற செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஒன்றரைக்கு, பாடசாலை விடும் நேரத்தில், இருவரும் அளவு நாடாவோடு அங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.